ஆயிரத்து ஐந்நூறை முறியடித்த டீச்சர்

என் எடை எழுபத்தொன்பது கிலோ. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கடைசி வரி வரைக்கும் நீங்கள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் முப்பத்தொரு வருடம் நான் பார்த்தது பிறருடைய எடையைக் குறைக்கும் வேலை. டயட்டீஷியன் என்பது பதவியின் பெயர். ஊரில் என்னை 'பத்தியம் சொல்லுத மேடம்' என்பார்கள்.

கல்யாண வீட்டில் மணமக்களுக்கு அடுத்தபடியாக எல்லோரும் பார்ப்பது என் இலையைத்தான். பாயசம் இரண்டாம் தடவை வரும்போது பக்கத்து இலைக்காரர்கள் மென்றுகொண்டிருப்பதை நிறுத்திவிட்டுக் கவனிப்பார்கள். நான் வாங்குவேன். "பத்தியம் சொல்லுத மேடமே வாங்குதாவ, பொறவு நமக்கு என்ன?" என்று வரிசை முழுவதும் வாங்கும். இந்த மாவட்டத்துச் சர்க்கரை நோயில் எனக்கும் ஒரு சிறு பங்கு இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

போன மாதம், என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் போனில் அழைத்தார்கள். நோயாளிகள் எல்லோரும் செல்போனில் ஒரு செயலியோடு வருகிறார்களாம். உயரம், எடை, வயதைப் போட்டால் ஒரு நாளைக்கு எத்தனை கலோரி சாப்பிட வேண்டும் என்று அது ஒரு எண்ணைக் காட்டுகிறது. இவர்கள் வேறு எண் சொன்னால் சண்டை வருகிறது. "அக்கா, பத்திரமா எடை கொறையணும், கொறஞ்சது திரும்ப ஏறப்பிடாது. அதுக்கு எத்தன கலோரி? நீங்க ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க, நாங்க எழுதி ஒட்டிப்போடுதோம்" என்றாள் ஒருத்தி.

ஒரே ஒரு எண்ணை நானும் ஒருமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்ன ஆயிற்று என்பதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது கோயம்புத்தூரில். மாவுச்சத்துக்கு நாலு, புரதத்துக்கு நாலு, கொழுப்புக்கு ஒன்பது என்று கலோரிக் கணக்கை வாய்ப்பாடு போல ஒப்பித்தோம். விடுதிச் சாப்பாடு மோசமாக இருந்ததால் எல்லோருமே மெலிந்திருந்தோம். அதைப் படிப்பின் பலன் என்று நினைத்துக்கொண்டேன். மற்றபடி அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தொழிலைக் கற்றுத் தந்தது தக்கலைதான், குறிப்பாக எஸ்தர் மேடம்.

எஸ்தர் மேடம் எங்கள் பிரிவின் தலைவி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நோயாளியிடம் "அதைத் தின்னாத, இதைத் தின்னாத" என்று அவர் சொன்னதும் கிடையாது. மேசை மேல் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். அதற்குள் விதவிதமான கரண்டிகள். "உங்க வீட்டுக் கரண்டி இதுல எது?" என்று கேட்பார். அது எதுவும் ஒத்துவராவிட்டால் அடுத்த முறை வீட்டுக் கரண்டியையே கொண்டுவரச் சொல்லுவார். அதில் தண்ணீர் ஊற்றி அளந்த பிறகுதான் கணக்கே எழுதுவார்.

நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதுவதுதான் எங்கள் தொழிலின் அஸ்திவாரம். மேடம் அதை மூன்று சுற்றாகக் கேட்பார். முதல் சுற்றில் நோயாளி தானாகச் சொல்வது. அநேகமாக அது ஒரு துறவியின் உணவாக இருக்கும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு வேளைக்கும் நடுவில் உள்ள நேரத்தைக் கேட்பார். மூன்றாம் சுற்றில் வாயை விட்டுவிட்டுக் கையை விசாரிப்பார். "சமைக்கும்போ கை என்ன செஞ்சுது? பிள்ளைய மிச்சம் வச்சத யாரு தின்னா? மீன் பொரிச்ச சட்டியில ஒட்டிக் கிடந்தத என்ன செஞ்சிய?" ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் ஒரே ஒரு சொல்தான் கேட்பார். "பொறவு?" அதைக் கேட்டால் மறைத்து வைத்த முந்திரிக்கொத்துப் பலகாரம் தானாக வெளியே வரும்.

ஒருமுறை ஓர் அம்மாள், "எங்க வீட்டுல எண்ணெ கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு கொஞ்சந்தான் விடுவேன்" என்று சாதித்தார். மேடம் மறுக்கவில்லை. மாதத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார். ஐந்து லிட்டர், நான்கு பேர். பென்சிலால் வகுத்துப் பார்த்தார். ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு ஸ்பூனுக்கு மேல் வந்தது. எண்ணெயில் மட்டும் முந்நூற்று அறுபது கலோரி. "கண்ணுக்குத் தெரியாததுதான் இடுப்புல தெரியுது" என்றார். அந்த அம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தேங்காயைப் பற்றி அன்று கேட்கவில்லை. ஒரே நாளில் இரண்டு துக்கம் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

எல்லாம் எழுதிய பிறகு, இப்போது சாப்பிடுவதிலிருந்து ஐந்நூறு, அறுநூறு கலோரியைக் குறைத்து ஓர் எண் போடுவோம். அப்படிக் குறைத்தால் வாரத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ இறங்கும். அந்த வேகம்தான் தங்கும். ஆனால் மேடம் அந்த ஓர் எண்ணோடு சீட்டைக் கொடுத்து நான் பார்த்ததில்லை. எப்போதும் இரண்டு எண்கள் எழுதுவார். மேலே ஒன்று, இதைத் தாண்டக் கூடாது. கீழே ஒன்று, இதற்குக் கீழே இறங்கக் கூடாது. பெண்களுக்கு ஆயிரத்து இருநூறுக்குக் கீழேயும், ஆண்களுக்கு ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழேயும் டாக்டரின் நேரடிக் கண்காணிப்பு இல்லாமல் அவர் போனதே கிடையாது. கீழ் எண்ணை எழுதுவது எனக்கு வீண் வேலையாகத் தோன்றும். நம் ஊரில் குறைவாகத் தின்று கெட்டுப்போகிற அளவுக்கு யாருக்கு மன உறுதி இருக்கிறது என்று நினைத்தேன்.

பத்து வருடத்துக்கு முன்பு பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் புஷ்பலீலா டீச்சர் வந்தார். எஸ்தர் மேடம் கண்புரை அறுவைக்காக ஒன்றரை மாத விடுப்பில் இருந்தார். டீச்சர் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. வயது நாற்பத்து மூன்று, எடை எண்பத்தாறு கிலோ. முழங்கால் வலிக்காக எலும்பு டாக்டர் என்னிடம் அனுப்பியிருந்தார். கூடவே கணவர் அருள்ராஜ். அருமனையில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற கடை வைத்திருந்தார். ஒல்லியான, வாய் பேசாத மனிதர். மனைவி உட்கார்ந்த பிறகு உட்கார்ந்தார்.

டீச்சர் கழுத்தில் விசில் தொங்கியது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு யாரு மேடம் பத்தியம் சொல்லுதது?" என்று கேட்டார்.

"எனக்கு சொல்லுததுக்கு ஆளில்ல டீச்சர். அதான் இப்பிடி இருக்கேன்" என்றேன்.

அந்த நிமிடத்திலேயே எங்களுக்குள் ஒத்துப்போய்விட்டது. பள்ளியில் பிள்ளைகள் தனக்கு 'ரோடு ரோலர்' என்று பெயர் வைத்திருப்பதை அவரே சொன்னார். காலேஜ் நாட்களில் ஓட்டப்பந்தயத்தில் மாவட்ட அளவில் ஜெயித்தவராம். அடுத்த விளையாட்டு விழாவில் பிள்ளைகளுக்கு முன்னால் அணிவகுத்து நடக்கும்போது அந்தப் பெயர் ஒழிய வேண்டும். "கத ஒண்ணும் வேண்டாம் மேடம். எனக்கு நம்பர் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுவேன்."

அவருடைய சுறுசுறுப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது. ஒரே சுற்றில் கேட்டு முடித்தேன். ஏறக்குறைய இரண்டாயிரத்து நூறு வந்தது. அறுநூறைக் கழித்தேன். சீட்டில் பெரிதாக 1500 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தேன். கீழ் எண்ணை எழுதவில்லை.

டீச்சர் சீட்டைப் பார்த்துச் சிரித்தார். "ஆயிரத்து ஐநூறா? கொள்ளாம். இது எனக்க ஐட்டமாக்கும்" என்றார். அவர் ஓடி ஜெயித்தது ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் பந்தயம். அந்தச் சிரிப்பில் பயப்பட ஏதோ இருந்திருக்கிறது. எனக்கு அன்று தெரியவில்லை.

இரண்டு வாரத்தில் நான்கு கிலோ குறைந்தது. ஆரம்பத்தில் உடம்பிலுள்ள நீர் இறங்கும், அதனால் எடை கூடுதலாகக் குறைந்தது போலத் தெரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த இரண்டு வாரத்தில் மூன்று. அதற்கடுத்து இன்னொரு மூன்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு நோயாளி வாய்த்ததில்லை. டீச்சரின் எடைக் கோட்டை வரைபடமாக்கிச் சுவரில் ஒட்டினேன். சர்க்கரை நோயாளிகளுக்கு நாங்கள் நடத்தும் வகுப்பில் அவரை எழுந்து நிற்க வைத்து எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். அவர் மேடை ஏறிய வீராங்கனை மாதிரி நின்றார். நான் பயிற்சியாளர் மாதிரி நின்றேன்.

கைதட்டல் மும்முரத்தில் நான் அருள்ராஜைக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு தடவை வரும்போதும் அவருடைய சட்டைப் பொத்தான் கொஞ்சம் கொஞ்சமாக விறைத்துக்கொண்டு வந்தது. ஆறு வாரத்தில் அவருக்கு ஒரு தொந்தி வந்திருந்தது.

டீச்சரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதை நான் நிறுத்தியிருந்தேன். எங்கள் தொழிலில் எடை குறையாதவர்களைத்தான் குடைந்து குடைந்து விசாரிப்போம். எடை குறைந்தவரிடம் கேட்க என்ன இருக்கிறது?

எஸ்தர் மேடம் விடுப்பு முடிந்து வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் எங்கே பார்க்கிறார் என்றே தெரியாது. வந்து சில நாள் கழித்து ஒரு காலையில் என் வரைபடத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"ராணி, இது கோடா, கிணறா?"

"விளையாட்டு டீச்சர் மேடம். நல்ல கட்டுப்பாடு" என்றேன்.

"இப்ப தின்னுததுக்கு சாப்பாட்டுக் குறிப்பு எடுத்தியா?"

எடுக்கவில்லை என்று சொல்ல அரை நொடி போதும். சுவரில் என் வெற்றி தொங்கிக்கொண்டிருந்தது. "எடுத்தேன் மேடம்" என்றேன்.

"பைல்ல வையி. நான் பாக்கணும்."

சாயா குடிக்கும் நேரத்தில் உட்கார்ந்து ஒரு குறிப்பு எழுதினேன். காலையில் இட்லி மூன்று, சாம்பார் ஒரு கரண்டி. பதினொரு மணிக்கு மோர். மதியம் ஒன்றரைக் கப் சோறு, மீன் குழம்பு, கீரைத் துவரன். மாலையில் சுண்டல். இரவு சப்பாத்தி இரண்டு, பயறுக் கறி. கூட்டினால் ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூறு வந்தது. இருபது வருடமாக எத்தனையோ பேரைப் பொய் சொல்கிறார்கள் என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன். ஒரு பலகாரத்தை மறைத்தவர்களும் இரண்டு பழத்தை மறந்தவர்களும்தான் அவர்கள். ஒரு முழு நாளையே கற்பனையில் சமைத்துப் பரிமாறியது நான் ஒருத்திதான்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு முற்பகல். விளையாட்டு விழாவுக்கான அணிவகுப்பு ஒத்திகை. டீச்சர் விசில் ஊதியிருக்கிறார். ஊதிய சத்தம் பாதியில் நின்றது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தபோது அவர் மண்ணில் கிடந்தார். பல்லுக்கிடையில் விசில் இருந்தது. ஏறக்குறைய நானூறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அருள்ராஜ் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஜீப்பில் எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். ரத்த அழுத்தம் மிகக் கீழே, சர்க்கரை கீழே, ரத்தத்தில் பொட்டாசியம் கீழே. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று துடித்தார். ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் கற்கள். எடை தடதடவென்று குறைந்தால் வரக்கூடியதுதான் அது. நான் கட்டில் ஓரத்தில் நின்றேன். அவர் தலையணையில் உதிர்ந்து கிடந்த முடியை அப்போதுதான் பார்த்தேன்.

டியூட்டி டாக்டர் பைலைப் புரட்டினார். என் எழுத்தில் இருந்த அந்தத் தாளை எடுத்துச் சத்தமாக வாசித்தார். "மூணு இட்லி, சாம்பார், மோர்... ஆயிரத்து நானூத்தித் தொண்ணூறு கலோரி. நல்லாத்தானே சாப்பிட்டிருக்காங்க? அப்ப வேற ஏதோ நோய் இருக்கு. தைராய்டுக்கு எழுதுவோம், வேறயும் பாப்போம்."

அருள்ராஜ் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "மூணு இட்லியா? எங்க சாரே? ஒரு இட்லிய ரெண்டாப் பிய்ப்பா. அதுல பாதிய எனக்கு வைப்பா. மத்தியானச் சோறும் அப்பிடித்தான். வீணாக் களையப்பிடாதுன்னு நான் எடுத்துத் தின்னுதேன். எனக்கு இப்ப ஆறு கிலோ கூடிப்போச்சு."

எஸ்தர் மேடம் டாக்டரின் கையிலிருந்து அந்தத் தாளை வாங்கினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அதை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சின்னதாக ஆனதில்லை, அதுவும் ஒரு கிராம்கூடக் குறையாமல்.

தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் டாக்டர் இல்லாத நோயைத் தேடிப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "டாக்டர், அந்தக் குறிப்பு பொய். நான் கேக்காம எழுதுனது" என்றேன். டாக்டர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். மேடம் முந்திக்கொண்டு, "இப்ப கேட்டு எழுதுவா" என்றார். என் பக்கம் திரும்பி, "நாற்காலிய இழுத்துப் போடு. மூணு சுற்று" என்றார்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். காலையில் பால் சேர்க்காத கட்டன் சாயா, அரை இட்லி. மதியம் இரண்டு பிடி சோறு, ரசம். மாலையில் ஒரு சின்ன மட்டி வாழைப்பழம். இரவில் பாதிச் சப்பாத்தி, வெள்ளரிக்காய், ஒரு முட்டையின் வெள்ளை. சில நாள் ஒரு டம்ளர் மோர். மூன்று சுற்றுக் கேட்டும் அறுநூறைத் தொடவில்லை. இதோடு தினமும் ஒரு மணி நேரம் மைதானத்தைச் சுற்றி ஓடியிருக்கிறார்.

"ஏன் டீச்சர் இப்பிடிச் செஞ்சிய? நான் ஆயிரத்து ஐநூறுன்னுல்லா எழுதித் தந்தேன்?"

அவர் கண்ணைத் திறந்தார். "நீங்க ஆயிரத்து ஐநூறுன்னிய. நான் அத ரெக்கார்டுன்னு நெனச்சேன். ரெக்கார்டுன்னா ஒடைக்கியதுக்குல்லா மேடம்? கொறஞ்ச நேரத்துல ஓடுனவதானே ஜெயிச்சவ? மொதல்ல ஆயிரம் ஆக்குனேன். பொறவு எண்ணூறு. நீங்களும் கைதட்டச் சொன்னிய."

பொய்க் குறிப்பு எழுதிய கதை முழுவதையும் அவரிடமே சொன்னேன். அவர் முகம் கறுத்தது. கணவரைப் பார்த்துக் கையை நீட்டினார். அருள்ராஜ் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் அதை வாயில் வைத்து, உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டி ஓர் ஊது ஊதினார். வார்டின் மூன்று மூலையிலிருந்தும் நர்சுகள் ஓடிவந்தார்கள்.

ஆட்டத்தில் விதி மீறியவரிடம் சொல்வது போல, "பவுல்" என்றார் என்னைப் பார்த்து. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "எனக்கும் பவுல்தான்" என்றார்.

விளையாட்டு விழா அவர் இல்லாமல் நடந்தது.

எஸ்தர் மேடம் என்னைத் திட்டவில்லை. பொய்க் குறிப்பைக் கிழிக்கவும் விடவில்லை. நடுவில் ஒரே ஒரு கோடு போட்டு, 'கேட்காமல் எழுதியது' என்று எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லி, பைலிலேயே வைத்தார். "இப்பிடிச் சரியாட்டு ஒருத்தி தின்னா நான் அவளுக்க படத்த சுவத்துல மாட்டியிருப்பேன். ஒனக்குப் பொய் எழுதவும் தெரியல்ல" என்றார். பிறகு ஒரு தண்டனை கொடுத்தார். "டீச்சர் தின்னத நீ மூணு நாளு தின்னு. அது என்னான்னு ஒனக்குத் தெரியாண்டாமா?"

முதல் நாள் எனக்குப் பெருமையாக இருந்தது. இதுவா கஷ்டம் என்று நினைத்தேன். சாயங்காலம் தலைவலி வந்தது. இரண்டாம் நாள் காலையில் லிப்ட் மெதுவாகப் போகிறது என்று லிப்ட்காரரிடம் சண்டை போட்டேன். ஒரு நோயாளி தனக்குப் பசியே எடுப்பதில்லை என்று சொன்னபோது அவரை அடித்துவிடலாமா என்று தோன்றியது. மதியம் மருத்துவமனைச் சமையலறைக்கு மேற்பார்வைக்காகப் போனேன். மேற்பார்வை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நான் இன்னும் பத்து நிமிடம் இருந்தேன்.

வெளியே வரும்போது மேடம் வாசலில் நின்றார். கையில் குறிப்புத் தாளும் பென்சிலும்.

"என்ன தின்ன?"

"ஒரு மட்டிப்பழம் மேடம்."

எழுதிக்கொண்டார். "பொறவு?"

"...ரெண்டு பழம்."

"மொத்தம் ரெண்டா, கூட ரெண்டா?"

"கூட ரெண்டு."

"பொறவு?"

"கொஞ்சம் நேந்திரங்காய் சிப்ஸ். ஒரு பிடி."

என் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையின் அளவைப் பார்த்துக்கொண்டார். "பொறவு?"

"ஒரு அவிச்ச முட்ட."

"வெள்ளையா, முழுசா?"

"முழுசா மேடம். ரெண்டு."

மேடம் கூட்டிப் பார்த்தார். "ஒண்ணரை நாளு பட்டினி கிடந்ததுக்குப் பத்து நிமிசத்துல தின்னது ஐநூத்திச் சொச்சம். நீ தொழிலு படிச்சவ. அவ ரெண்டரை மாசம் தாக்குப் பிடிச்சிருக்கா. நாம சொல்லுதது வயித்துக்கு மட்டும் போற எண்ணு இல்ல, கேட்டியா. அது ஒரு ஆளுக்குக் குடுக்கிய எண்ணு. ஆளப் பாக்காம எண்ணு எழுதாத." மூன்றாவது நாளைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

கடினமான வேலை அதற்குப் பிறகுதான் இருந்தது. வெகுநாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரே நாளில் வாரிக் கொடுக்க முடியாது. அதுவும் ஆபத்து. டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்த்துச் சொல்லச் சொல்ல, டீச்சருக்கு அறுநூறை எண்ணூறாக்கி, ஆயிரமாக்கி, சில வாரங்களில் ஆயிரத்து ஐந்நூறுக்குக் கொண்டுவர வேண்டும். இடையில் பித்தப்பையை எடுக்கும் அறுவையும் நடந்தது. எடை எழுபத்து மூன்றரையிலிருந்து எழுபத்தாறுக்கு ஏறியது. தராசில் அதைப் பார்த்த அன்று டீச்சர் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"ரெண்டரைக் கிலோ! ரெண்டரை மாசம் நான் செத்து ஓடுனது இதுக்கா? மொதல்ல கொறைக்கச் சொல்லுதிய. இப்ப கூட்டச் சொல்லுதிய. சவம், இந்த எளவே வேண்டாம்."

மூன்று வாரம் வரவில்லை. போன் எடுக்கவில்லை. பஸ் ஏறி அருமனைக்குப் போனேன். கடையில் ரப்பர் ஷீட் வாசனைக்கு நடுவில் அருள்ராஜ் உட்கார்ந்திருந்தார். "ராத்திரி ஒண்ணும் திங்க மாட்டேங்கா. நான் தின்னவும் பயந்துக்கிட்டு இருக்கேன்" என்றார் பாவம். வீட்டில் டீச்சர் என்னை உட்காரச் சொல்லவில்லை. நானாக உட்கார்ந்தேன்.

"டீச்சர், நூறு மீட்டர் ஓட்டத்துல பிள்ளைய கோட்ட மிதிச்சா என்ன செய்விய?"

"பவுல்."

"எந்தக் கோட்ட?"

"எந்தக் கோட்ட மிதிச்சாலும் பவுல்தான். எடது பக்கமும் வலது பக்கமும் கோடு உண்டும்லா?"

சீட்டை எடுத்து வைத்தேன். மேலே 1600. கீழே 1400. "நான் அன்னைக்கு ஒங்களுக்கு ஒரு கோடுதான் போட்டுத் தந்தேன். தப்பு எனக்க மேல. இப்ப ரெண்டு கோடு இருக்கு. நடுவுல ஓடணும். ஆயிரத்து முந்நூறுன்னு வந்து பெரும பேசுனியன்னா நானே விசில் அடிப்பேன்."

அவர் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எத்தன நாளைக்கு ஓடணும்?"

"முடிவே கெடையாது டீச்சர்."

"அப்ப இது ஆயிரத்து ஐநூறு மீட்டர் இல்ல" என்றார். அவர் முகம் கொஞ்சம் இளகியது. "இது நெடுந்தூரம். மொதல்லயே பாஞ்சா கிழிஞ்சுபோவும். நீங்க இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

அதன் பிறகு கதையில் சாகசம் எதுவும் இல்லை. மூன்று வேளையும் முறையாகச் சாப்பிட்டார். தட்டில் பயறோ மீனோ முட்டையோ கட்டாயம். தேங்காய் பாதி. மரச்சீனிக் கிழங்கு உண்டு, வாரத்தில் இரண்டு நாள், சோற்றுக்குப் பதிலாக. சில வாரம் அரைக் கிலோ குறைந்தது. சில வாரம் தராசு அசையாது. ஒரு கிறிஸ்துமஸுக்கு ஒன்றரைக் கிலோ ஏறியது. அன்றைக்கும் அவர் செருப்பைப் போடவில்லை, "கேக்கு" என்று மட்டும் சொன்னார். ஏறக்குறைய இரண்டு வருடத்தில் அறுபத்தொன்பதுக்கு வந்தார். எழுபது, எழுபத்தொன்று என்று இன்றுவரை அங்கேயே இருக்கிறார். முழங்கால் வலி போய்விட்டது. அருள்ராஜையும் அவர் விடவில்லை. விசிலோடு பின்னால் நடந்து அவருடைய ஆறு கிலோவையும் இறக்கினார்.

இரண்டாம் வருடத்து விளையாட்டு விழாவுக்கு என்னையும் எஸ்தர் மேடத்தையும் அழைத்திருந்தார். பந்தலில் முதல் வரிசையில் அருள்ராஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். டீச்சர் பிள்ளைகளுக்கு முன்னால் அணிவகுத்துப் போனார். பிறகு ஆசிரியைகளுக்கான இருநூறு மீட்டர் ஓட்டத்திலும் ஓடினார். இருபத்தாறு வயது கணக்கு டீச்சர் ஒருத்தி முந்திவிட்டாள். நம்மவர் இரண்டாவதாக வந்தார். தோற்ற கோபத்தோடு வேர்த்து விறுவிறுத்து நேராக எங்களிடம் வந்தார்.

"எப்பிடி டீச்சர் இருக்கு?" என்று கேட்டேன்.

"பசிக்கி" என்றார்.

பந்தலில் இருந்த பெற்றோர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, ஒலிபெருக்கி தேவைப்படாத குரலில் சொன்னார். பள்ளிக்கூட வாசலில் ஒரு சாயாக் கடை இருந்தது. நாங்கள் நால்வரும் போனோம். டீச்சர் சாயாவும் இரண்டு பழம்பொரியும் வாங்கினார். சுடச்சுட ஒன்றைத் தின்று முடித்தார். பழக்க தோஷத்தில் அருள்ராஜ் இரண்டாவதை எடுக்கக் கையை நீட்டினார்.

டீச்சர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வையிங்க அத. அது எனக்க பங்காக்கும்."